வாடகை வீட்டில் பயன்படாத மூலை முடுக்குகள்: 3,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

தேவி_நங்கநல்லூர்

எல்லோருக்கும் வணக்கம். சென்னை நங்கநல்லூரில் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார் என்று நாலு பேர். வீடு சின்னது என்பதுகூடப் பரவாயில்லை. இருக்கிற இடத்தில் பாதி எதற்கும் வசதிப்படாத இடமாக இருக்கிறது.

ஹாலின் ஒரு ஓரத்தில் மாடிப்படி. ஏறும் வழி வெளியே இருந்தாலும் படியின் அடிப்பக்கம் எங்கள் ஹாலுக்குள் சரிவாக இறங்குகிறது. உயரமான முனையில் 5 அடி 2 அங்குலம். அங்கிருந்து 7 அடி தள்ளிப் போனால் தரையோடு ஒட்டிவிடுகிறது. உள்ளே 3 அடி ஆழம். நடுவில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கின்றன. மற்ற இடமெல்லாம் அட்டைப்பெட்டிகள். பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே இறக்க வேண்டும்.

சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே 8 அங்குலம் சும்மா கிடக்கிறது. மறுபக்கம், ஃபிரிட்ஜுக்கும் மேடைக்கும் நடுவே 4 அங்குலம். படுக்கையறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதால் அதன் பின்னால் இருக்கும் இரண்டரை அடிச் சுவரும் வீண். அதே அறையில் வடக்குச் சுவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் அடிக்கும். அதன் பக்கத்தில் எதை வைக்கவும் பயமாக இருக்கிறது.

மாமியாருக்கு முழங்கால் வலி. குனிந்து எடுக்கவோ ஸ்டூல் மேல் ஏறவோ அவரால் முடியாது. மகள் உட்கார்ந்து படிக்கவும் ஒரு இடம் வேண்டும். சுவரில் துளை போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று வீட்டு ஓனர் சொல்லியிருக்கிறார். 3,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரமேஷ்_ஓஎம்ஆர்

மாடிப்படிக்கு அடியில் சரிவுக்கு ஏற்ற மாதிரி பிளைவுட் வெட்டி, கதவு போட்டு மூடிவிடுங்கள். உள்ளே என்ன கிடந்தாலும் வெளியே தெரியாது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு ஒட்டுகிற கொக்கிகள் போதும், துளையே வேண்டாம். ஃபிரிட்ஜ் பக்கத்து 8 அங்குலத்துக்குச் சக்கரம் வைத்த ஒல்லி டிராலி ஆன்லைனில் கிடைக்கிறது.

கோவை_ஆசாரி

தேவி மேடம், எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப், ஒரு பென்சில், கொஞ்சம் பழைய அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் பாதி வேலை அளவெடுப்பதுதான்.

ஒரு இடுக்கை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. சுவரே கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். மூன்று அளவில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. அதிலும் கால் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் அளந்தது போல உள்பக்கமும் அளக்க வேண்டும், ஏனென்றால் மூலைகள் பெரும்பாலும் சரியான மூலைமட்டத்தில் இருப்பதில்லை. பிறகு அந்த அளவுக்கு அட்டையை வெட்டி உள்ளே விட்டுப் பாருங்கள். அட்டை தடையில்லாமல் போய் வந்தால் பலகையும் போகும்.

சரிவுக்கு ஏற்ப பலகை வெட்டுவது பற்றி ரமேஷ் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. சொந்த வீடு என்றால் சரி, நானே செய்து கொடுப்பேன். வாடகை வீட்டில் அது வீண் செலவு. அந்தச் சரிவு இன்னொரு வீட்டில் இருக்கப்போவதில்லை. காலி செய்யும்போது அந்தப் பலகையெல்லாம் விறகுதான். மேலும் 18 எம்எம் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்றே உங்கள் 3,000-த்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். கீல், கைப்பிடி, கூலி எல்லாம் தனி.

சரிவான இடத்தில் சதுரப் பெட்டிகளை உயரத்துக்கு ஏற்ப வரிசையாக நிறுத்துங்கள். பெட்டிக்கு மேலே முக்கோணமாக மிஞ்சும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதை நிரப்பப் போனால்தான் செலவு ஏறுகிறது.

உங்கள் உண்மையான தொல்லை 3 அடி ஆழம். சரிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கை எட்டுவது இரண்டு அடி, மிஞ்சினால் இரண்டரை. அதற்கு அப்பால் வைக்கிற பொருள் இழுத்தால் முன்னால் வருகிற மாதிரி இருக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று இரவு விரிவாக எழுதுகிறேன், இப்போது வேலைத்தளத்தில் இருக்கிறேன்.

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு

பேட்டரி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வந்தேன். தயவுசெய்து அந்த இடத்தைக் கதவு போட்டு மூடாதீர்கள்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். திறந்த ஹாலில் அது கலைந்து போய்விடும். பிளைவுட் பெட்டிக்குள் அடைபட்டால் ஒரு சின்னத் தீப்பொறியே ஆபத்து. இன்வெர்ட்டருக்கும் சூடு வெளியேறக் காற்று வேண்டும். பேட்டரிக்கு மேலே ஒரு முழம் இடமாவது காலியாக இருக்கட்டும். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கை போக வேண்டுமே. பக்கத்தில் துணி மூட்டை, பழைய பேப்பர், பெயின்ட் டப்பா எதுவும் வேண்டாம்.

எரிவாயு சிலிண்டருக்கும் இதையே சொல்வேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஹைட்ரஜன் மேலே போகும், இது கீழே கிடக்கும். அழகுக்காகச் சிலிண்டரை மாடிப்படிக்கு அடியில் தள்ளி மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பேட்டரி இருக்கிற இடத்தில் கூடவே கூடாது.

ரமேஷ்_ஓஎம்ஆர்

பேட்டரி விஷயம் நியாயம் சார், கதவு வேண்டாம். பார்வைக்கு மறைவாக இருக்க ஒரு திரை போடலாமா?

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு

பேட்டரி இருக்கிற பகுதிக்குத் திரையும் வேண்டாம் தம்பி. அந்தப் பகுதியைத் திறந்தே விடட்டும். இரண்டு பக்கமும் வேண்டுமானால் தனித்தனியாகப் பருத்தித் திரை தொங்கவிடலாம்.

சரசு_மதுரை

தேவி, சமையலறைக்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

டிராலி வாங்குவதற்கு முன்னால் ஃபிரிட்ஜை நகர்த்திப் பாரும்மா. ஒரு பக்கம் 8, மறுபக்கம் 4, மொத்தம் 12 அங்குலம். இரண்டு இடுக்காகப் பிரிந்து கிடப்பதால்தான் இரண்டும் உதவவில்லை. ஃபிரிட்ஜைச் சுவர்ப் பக்கம் தள்ளினால் மேடை ஓரத்தில் ஒரே பெரிய இடம் கிடைக்கும். காசு செலவில்லை.

ஆனால் ஒட்டித் தள்ளிவிடாதே. இப்போது வருகிற பல ஃபிரிட்ஜ்களில் பின்னால் கம்பி வலை தெரியாது. சூட்டை வெளியேற்றும் குழாய் இரண்டு பக்கத் தகட்டுக்குள்ளும் ஓடுகிறது. பக்கத்தில் கை வைத்துப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு போக இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். எத்தனை அங்குலம் என்று கூட வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள். நான் 3 அங்குலம் விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, கதவு எந்தப் பக்கம் கீல் வைத்துத் திறக்கிறது? சுவர்ப் பக்கம் கீல் இருந்தால் சுவரை நெருங்க நெருங்கக் கதவு முழுசாகத் திறக்காது. காய்கறி டிரேயை வெளியே இழுக்கக் கதவு நன்றாக அகலத் திறக்க வேண்டும். நகர்த்திவிட்டு டிரே வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொள்.

தேவி_நங்கநல்லூர்

சரசு அக்கா, இன்றைக்கே நகர்த்திப் பார்த்துவிட்டோம். கீல் மேடைப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் சுவர்ப் பக்கம் தள்ளியதில் கதவுக்குத் தொல்லை இல்லை. டிரே முழுசாக வெளியே வருகிறது.

ஆசாரி அண்ணா சொன்ன மாதிரி மூன்று இடத்தில் அளந்தேன். மேலே 8 அங்குலம் இருந்த இடைவெளி தரையருகே ஏழேகால்தான்! சுவர் கீழே பூச்சில் தடித்திருக்கிறது. 8 என்று நம்பி ஏழரை அங்குல டிராலி வாங்கியிருந்தால் உள்ளேயே போயிருக்காது. இப்போது சுவர்ப் பக்கம் கீழே 3 அங்குலம் விட்டு நிறுத்தியிருக்கிறோம். மேடைப் பக்கம் எட்டேகால் அங்குலம் கிடைத்திருக்கிறது. இதில் என்ன வைக்கலாம்?

சரசு_மதுரை

எட்டேகாலையும் நிரப்பாதே. மேடைப் பக்கம் ஒட்டி 5 அங்குலத்தை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் 3 அங்குலத்தைக் காற்றுக்கு விடு.

அந்த 5 அங்குலத்தில் உயரமான டிராலி நிற்காது, கொஞ்சம் வேகமாக இழுத்தால் ஒரு பக்கமாகச் சாயும். எண்ணெய் டப்பா, மாவு டப்பா வைத்த டிராலி சாய்ந்தால் கால் மேல்தான் விழும். மாமியார் புழங்குகிற சமையலறை வேறு. அதனால் தட்டையாக நிற்கிற பொருள்களை வை. முறம், சப்பாத்திப் பலகை, பெரிய தட்டுகள், வடை சட்டி மூடி, அரிவாள்மணை இருந்தால் அதுவும். மேடையின் பக்கச் சுவரில் டைல்ஸ் இருக்கிறதா? இருந்தால் ஒட்டுகிற கொக்கி அங்கே நன்றாக நிற்கும். கரண்டி, வடிகட்டி, துடைப்பம் தொங்கவிடலாம்.

வெங்காயம், உருளைக்கிழங்கு மட்டும் ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம். சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ரமேஷ்_ஓஎம்ஆர்

ஒட்டுகிற கொக்கியைத்தானே நானும் சொன்னேன் அக்கா 🙂

கோவை_ஆசாரி

டைல்ஸில், கண்ணாடியில், பீரோத் தகட்டில் அது நிற்கும் தம்பி. பூச்சுச் சுவரில் நிற்காது. பசை பிடித்திருப்பது பெயின்டை. பெயின்ட் பிடித்திருப்பது சுண்ணாம்பையோ சுவரில் பூசிய புட்டியையோ. கனம் ஏறும்போது பசை விடாது, பெயின்ட்தான் சுவரை விட்டுப் பெயர்ந்து வரும். டிஸ்டம்பர் அடித்த பழைய சுவர் என்றால் விரலால் தேய்த்தாலே மாவு வரும், அதில் எதை ஒட்டினாலும் விழும். அப்புறம் துளையை அடைப்பதைவிடப் பெரிய வேலை, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்த பெயின்டைச் சரிசெய்வது.

டைல்ஸில் ஒட்டும்போதும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஒட்டிய அன்றே எதையும் மாட்டாதீர்கள். ஒரு நாள் விடுங்கள்.

சரி, மாடிப்படிக்கு வருவோம். உயரமான முனையில் 5 அடி 2 அங்குலம், 7 அடியில் தரை. அதாவது ஒவ்வொரு அடி உள்ளே போகும்போதும் சுமார் 9 அங்குலம் உயரம் குறைகிறது. இதைச் சுவரில் பென்சிலால் அடிக்கு ஒரு கோடாகக் குறித்துக்கொண்டால் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று உடனே தெரியும்.

காய்கறிக் கடைகளில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கிரேட் தெரியும்தானே? ஏறக்குறைய 21 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 11 அங்குல உயரம் இருக்கும். பழையது பிளாஸ்டிக் பொருள் வாங்கி விற்கும் கடைகளிலும் காயலான் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வெயிலில் வெளுத்து நொறுங்குகிறதா என்று மட்டும் அழுத்திப் பாருங்கள். தாழ்ந்த முனைக்கு ஒரு சக்கரப் பலகை செய்துகொள்ளுங்கள். 34 அங்குல நீளம், 15 அங்குல அகலம், நாலு மூலையிலும் 2 அங்குலச் சக்கரம். பலகை மேல் கிரேட், அதன் பின்னால் மிச்சமிருக்கும் ஓர் அடியில் எப்போதாவது எடுக்கிற பொருள். முன்பக்கம் இரண்டு துளை போட்டு நைலான் கயிறு கட்டி விடுங்கள். இழுத்தால் முழுசும் ஹாலுக்கு வந்துவிடும்.

பலகைக்கு 18 எம்எம் எடுங்கள். 12 எம்எம் மலிவு, ஆனால் எட்டில் ஐந்து (5/8) அங்குல ஸ்க்ரூ போட்டால் முனை மேலே துருத்திக்கொண்டு வந்து துணியைக் கிழிக்கும். அதைவிடச் சின்ன ஸ்க்ரூ போட்டால் சக்கரம் ஆடும். 18 எம்எம் பலகையில் முக்கால் அங்குல ஸ்க்ரூவும் வேண்டாம், சக்கரத் தகட்டின் கனம் போனாலும் முனை மறுபக்கத்தை ஒட்டி வந்துவிடும். 5/8 அங்குல ஸ்க்ரூவே சரியாக இருக்கும். புது ஷீட் வாங்க வேண்டாம். பக்கத்தில் தச்சுப் பட்டறை இருந்தால் போய்த் துண்டுப் பலகை கேளுங்கள். 34-க்கு 15 துண்டெல்லாம் அவர்களிடம் மூலையில் நின்றுகொண்டிருக்கும், வெட்டியும் கொடுப்பார்கள். மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிக்கிள் போர்டு கொடுத்தால் வாங்காதீர்கள். தரை துடைக்கிற ஈரம் பட்டாலே ஊதிப்போய் ஸ்க்ரூவை விட்டுவிடும்.

மாலா_தாம்பரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாடிப்படியின் உயரமான பக்கத்தை மகள் படிக்கிற இடமாக ஆக்கலாமே? குழந்தைகளுக்கு அந்த மாதிரி பொந்து ரொம்பப் பிடிக்கும். ஒரு எல்இடி விளக்கு, தரையில் பாய், சின்ன மேசை. என் அக்கா பையன் அங்கிருந்து எழுந்து வரவே மாட்டான்.

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு

யோசனை நல்லது அம்மா. பேட்டரி இல்லாத வீட்டில் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே வேண்டாம். உள்ளே இருப்பது அமிலம். குழந்தை பந்து எடுக்கக் கையை விடும், பென்சில் பெட்டியின் தகரத்தைப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே போடும், ஷார்ட் ஆகிவிடும். பேட்டரியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், இன்வெர்ட்டருக்கும் அதற்கும் நடுவே கேபிள் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எலெக்ட்ரீஷியன் கூலி, வயர் எல்லாம் சேர்ந்தால் இவர்கள் சொன்ன தொகை அதற்கே போய்விடும்.

மாலா_தாம்பரம்

புரிகிறது சார். அப்படியென்றால் உயரமான பக்கத்தை மாமியாருக்குக் கொடுங்கள் தேவி. 5 அடி உயரத்தில் தொடங்குகிறது என்கிறீர்கள். அங்கே ஒரு பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (வரிசையாகத் துளை உள்ள இரும்புச் சட்டத்தில் தட்டுகளைப் பொருத்துவது), 4 அடி உயரத்தில். அவர் தினமும் எடுக்கிற பொருள், மாற்றுப் புடவை, மருந்துப் பெட்டி, செய்தித்தாள், கண்ணாடி எல்லாம் முழங்காலுக்கு மேலே தோளுக்குக் கீழே இருக்கிற தட்டுகளில் மட்டும். அடித்தட்டில் நீங்கள் எடுக்கிற பொருளை வையுங்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இடம் எங்கே இருக்கிறது என்பதைவிட அவர்கள் கை எங்கே எட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் அம்மா ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் இருந்த பாத்திரத்தை எடுக்கப் போய் விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவர் புழங்குகிற எதையும் மேலே வைப்பதில்லை.

ரேக் முன்பக்கம் சாயாமல் இருக்க, பின்னால் இரண்டு கால்களையும் சுவரோடு காலுக்கு ஒரு ஸ்க்ரூவில் பிணைத்துவிடுங்கள். இந்த இரண்டு துளைக்கு மட்டும் ஓனரிடம் கேளுங்கள்.

தேவி_நங்கநல்லூர்

மாலா அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தையிடம் சொன்னேன். ரேக் எந்த உயரத்தில் வேண்டும் என்று அவரே சுவர் அருகில் நின்று கையைக் காட்டினார், நான் பென்சிலால் கோடு போட்டேன். அவர் தொடுகிற உயரம் நான் நினைத்ததைவிட நன்றாகக் கீழேதான் இருந்தது.

ஓனரிடம் பேசினோம், துளைக்கு ஒத்துக்கொண்டார். காலி செய்யும்போது அடைத்துக் கொடுங்கள் என்றார்.

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு

அதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. நல்ல ஓனராக இருந்தாலும், முன்பணத்தைக் கழிக்கும் நாளில் நினைவை நம்பிப் பேசுவது இருவருக்கும் சங்கடம்.

துளை போடும் முன்னால் சுவிட்ச் போர்டு எங்கே என்று பாருங்கள். சுவருக்குள் போகும் வயர் பெரும்பாலும் போர்டிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ போகும். அந்த நேர்க்கோட்டில் துளை வேண்டாம். குழாய் இருக்கிற சுவரிலும் இதே கணக்கு. அப்புறம் துளை போடும்போது வருகிற தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், 6 எம்எம் பிட்டும் ரால் பிளக்கும் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) போதும். சாம்பலாக வந்து பிட் உள்ளே போக மறுத்தால் கான்கிரீட் தூணோ பீமோ, ஹேமர் டிரில் வேண்டும். வெறும் பூச்சோடு நின்றுவிடாமல் பிளக் செங்கலுக்குள் முழுசாக இறங்கியிருக்க வேண்டும்.

சிங்கை_பார்வதி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர் என்று எல்லோரும் சொல்கிற, குண்டுவீச்சிலிருந்து தப்பிக்கும் பாதுகாப்பு அறை இருக்கிறது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அதன் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடிக்க அனுமதி இல்லை, காற்றுத் துவாரங்களை மறைக்கவும் கூடாது. அதனால் இங்கே பலரும் அந்த அறைக்குள் தானாக நிற்கிற ரேக்குகளைத்தான் வைத்துக்கொள்கிறோம். துளை போட முடியாத வீட்டுக்கு இது உதவும். கனமான பொருள் எல்லாம் அடித்தட்டில், மேலே போகப் போக லேசான பொருள். இரண்டு சுவருக்கு நடுவே குறுகிய இடம் இருந்தால் ஸ்பிரிங் வைத்த கம்பியைத் திருகி இறுக்கி நிறுத்தலாம். திரைக்கும் துண்டு காயப்போடுவதற்கும் அது தாங்கும். அதன் மேல் தட்டு வைத்துப் பாத்திரம் அடுக்கினால் தாங்காது.

தேவி_நங்கநல்லூர்

நன்றி பார்வதி அக்கா. திரைக்கு அந்தக் கம்பியே போதும் போலிருக்கிறது.

இனி மீதி இருப்பது படுக்கையறை. கதவுக்குப் பின்னால் என்ன செய்யலாம்? மகள் படிக்கும் மேசையை அங்கே சுவரில் மடக்கு மேசையாகப் போடலாமா என்று கணவர் கேட்கிறார்.

கோவை_ஆசாரி

வேண்டாம் மேடம். கதவைச் சாத்தினால்தான் அந்த மேசையை விரிக்க முடியும். குழந்தை படிக்கிற நேரமெல்லாம் அறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும், யாராவது வெளியிலிருந்து தள்ளினால் மேசையில் இடிக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தை வளர்கிற வேகத்தில் சுவரில் அறைந்த மேசையின் உயரமும் ஒத்துவராது.

கால் மடங்குகிற சின்ன மேசை கடைகளில் கிடைக்கிறது, தரையில் உட்கார்ந்து எழுதுவது. மடக்கினால் இரண்டரை, மூன்று அங்குலக் கனம்தான். எழுதும்போது வெளிச்சம் இருக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் கதவுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கட்டும். அதன் பக்கத்திலேயே சுருட்டிய கோரைப்பாய், மடக்கு நாற்காலி, இஸ்திரிப் பலகை எல்லாம் நிற்கும். கதவுக்குப் பின்னால் இருக்கும் இடம் தட்டையான பொருள்களுக்கானது.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கதவை எவ்வளவு திறந்தால் நடமாட வசதியோ அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அங்கே தரையில் ஒரு ரப்பர் ஸ்டாப்பர் வைத்துவிட்டால், கதவு வந்து மேசையை இடிக்காது. பாய் வழுக்கி விழாமல் இருக்க, இடுப்பு உயரத்தில் சுவரில் இரண்டு கொக்கி, நடுவே ஒரு எலாஸ்டிக் நாடா. பொருள்களை நாடாவுக்குப் பின்னால் செருகிவிடலாம்.

சரசு_மதுரை

இது நல்லா இருக்கு. எங்கள் வீட்டில் பாய் எப்போதும் சாய்ந்து கதவுக்கு அடியில்தான் விழும். நாடா இன்றைக்கே வாங்குகிறேன்.

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு

ஓதச் சுவர் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு மேல் ஒட்டுக் காகிதமோ பிவிசி பலகையோ வைத்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும், பூச்சு பொரிந்து உதிரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் ஈரம் கோத்திருந்தால் சுவர் வழியாக வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் என்றால் உள்ளே இருக்கிற காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

சுவர் வழியாக என்றால் வெளியே போய்ப் பாருங்கள். மழைநீர்க் குழாய் அந்தச் சுவரோரம் கொட்டுகிறதா, பூச்சில் வெடிப்பு இருக்கிறதா, மண் மேடாகச் சுவரை ஒட்டிக் குவிந்திருக்கிறதா? குழாய் முனையில் ஒரு எல்போ (வளைந்த இணைப்பு) மாட்டித் தண்ணீரைத் தள்ளி விடுவது சின்னச் செலவு, பாதி வீடுகளில் அதுவே போதும். வெடிப்பு என்றால் ஓனரிடம் சொல்லுங்கள், அது அவர் செய்ய வேண்டிய வேலை.

அதுவரை அந்தச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கால் உயர்ந்த இரும்பு அல்லது பிளாஸ்டிக் ரேக் வைக்கலாம். மரம், அட்டைப்பெட்டி, புத்தகம், பட்டுப் புடவை வேண்டாம். ஈரம் இருக்கிற இடத்தைத் தேடிக் கரையான் வரும்.

தேவி_நங்கநல்லூர்

பாலிதீன் இன்று ஒட்டிவிட்டேன் சார். வெளியே பார்த்ததில் சன்ஷேடின் குழாய் நேராக அந்தச் சுவரடியில்தான் கொட்டுகிறது. ஓனருக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், அவரே பிளம்பரை அனுப்புவதாகச் சொன்னார்.

மடிப்பாக்கத்தில் ஒரு பட்டறையில் துண்டுப் பலகை கிடைத்தது. கேட்ட அளவுக்கு வெட்டியும் கொடுத்தார்கள். கிரேட், சக்கரம், பழைய ரேக், சின்ன மேசை, திரைக் கம்பி எல்லாம் சேர்ந்தும் 3,000-க்குள் வந்துவிடும் போலிருக்கிறது. சக்கரம் வாங்கப் போனால் கடைக்காரர் பிரேக் வைத்தது, வைக்காதது என்று இரண்டு வகை காட்டுகிறார். நாலும் பிரேக் வைத்ததாக வாங்க வேண்டுமா? அப்புறம் காலி செய்யும்போது துளையை எதை வைத்து அடைப்பது?

கோவை_ஆசாரி

முன்பக்கம் இரண்டில் மட்டும் பிரேக் போதும். பின்பக்கச் சக்கரங்களுக்குக் கை எட்டாது, அங்கே பிரேக் இருந்து பயனில்லை. வாங்கும்போது நாலும் ஒரே உயரமா என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், பிரேக் வைத்த வகை சில நேரம் கொஞ்சம் உயரம் கூடி வரும். ரப்பர் சக்கரமாகக் கேளுங்கள், டைல்ஸில் சத்தமும் கீறலும் இருக்காது.

துளைக்கு ரால் பிளக்கைக் குறட்டால் பிடுங்கி எடுத்துவிட்டு, தூசியை ஊதி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் தொட்டு, வால் புட்டியைக் கெட்டியாகக் குழைத்து அடையுங்கள். காய்ந்ததும் சற்றுக் குழியும், இரண்டாம் முறை பூச வேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டு மெதுவாகத் தேயுங்கள். பெயின்டின் நிற எண்ணை இப்போதே ஓனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.